கனெக்‌ஷன் பைப் ஏன் வெடிக்கிறது: கோத்தகிரி வீட்டில் அறுத்துப் பார்த்தது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தரும் தொட்டி மொட்டை மாடியில் இல்லை. தேயிலைக்கு மேலே, சோலை ஓரத்தில் ஊற்றெடுக்கும் இடத்தில் கட்டிய சிமென்ட் தொட்டி அது. அங்கிருந்து ஒரு இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஏறத்தாழ 300 மீட்டர் சரிவில் இறங்கி மூன்று வீடுகளுக்குப் பிரிகிறது. மோட்டார் கிடையாது. கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஷவரைத் திறந்துவிட்டு "அடேயப்பா, என்ன ஃபோர்ஸ்!" என்பார்கள்.

இந்த மூன்று வீட்டிலும் கனெக்‌ஷன் பைப் நிற்பதில்லை. சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்விலிருந்து வாஷ்பேசின் குழாய்க்கோ, கெய்சருக்கோ, ஃப்ளஷ் டேங்க்குக்கோ போகும் ஒன்றரை அடி, இரண்டடி நீளக் கம்பி பின்னிய ஹோஸைத்தான் சொல்கிறேன். ஒரு சாமத்தில் எங்கள் வாஷ்பேசின் ஹோஸ் வெடித்து, ஹால் வரைக்கும் தண்ணீர். கொஞ்ச காலம் கழித்துக் கெய்சர் ஹோஸ். அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சமையலறையில். எங்கள் பிளம்பர் அண்ணன் ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரே வசனம் சொல்வார்: "இதே பைப்ப மேட்டுப்பாளையத்துல மாட்டுனா பத்து வருசம் கெடக்குதுங்க. இங்க ரெண்டு மழைக்காலம் தாண்ட மாட்டேங்குது." மட்டமான சரக்கு என்று நினைத்து அடுத்த முறை இரண்டு மடங்கு விலையில் வாங்கினோம். அதுவும் போயிற்று.

அப்போதுதான் அவரிடம், கழற்றும் பழைய ஹோஸ்களைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தரச் சொன்னேன். "இத வச்சு என்ன பண்ணப் போறீங்க தம்பி?" என்று சிரித்தவர், ஒரு நாள் சிமென்ட் சாக்கில் பாதி நிறையக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். ஆக்ஸா பிளேடு, கட்டிங் பிளேயர், ஒரு பூதக்கண்ணாடி. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அறுத்தேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு ரப்பர் டியூப், நல்லவற்றில் ஈ.பி.டி.எம். ரப்பர், மலிவானவற்றில் பி.வி.சி. அதற்கு மேல் மெல்லிய கம்பிப் பின்னல். இரு முனைகளிலும் டியூபுக்குள் நுழையும் ஒரு பித்தளை நிப்பிள். டியூபையும் பின்னலையும் சேர்த்து அந்த நிப்பிளோடு இறுக்கிப் பிடிக்க, வெளியே அழுத்தி நசுக்கிய ஓர் உலோக வளையம், அதாவது கிரிம்ப். கடைசியில் நட்டும் வாஷரும். இவ்வளவுதான்.

இதில் தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்வது டியூப். அழுத்தத்தைத் தாங்குவது பின்னல். டியூபுக்கென்று தனியாகப் பலம் அதிகம் கிடையாது. பின்னலில் நாலைந்து கம்பி அறுந்து ஒரு சின்ன இடைவெளி விழுந்தால் போதும், டியூப் அந்த வழியே வெளியே பிதுங்கும், மெலியும், கிழியும். அதனால்தான் பெரும்பாலும் இது சொட்டுச் சொட்டாகக் கசிந்து எச்சரிக்கை கொடுப்பதில்லை. நேற்று வரை நன்றாக இருக்கும், இன்று வெடிக்கும்.

சாக்கில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் செத்திருந்தன: கிரிம்ப் வளையத்தை ஒட்டிய அரை இஞ்சில். நடுவில் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும் ஹோஸ்கூட வளையத்தின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து, விரலால் நெருடினால் கம்பி முறிந்தது. அந்த இடத்தில் மூன்று விஷயங்கள் சேருகின்றன. ஹோஸ் வளைவது அங்கேதான். வளையம் கம்பியை நசுக்கியிருப்பதும் அங்கேதான். ஈரம் உள்ளே இறங்கினால் காயாமல் நிற்பதும் அங்கேதான்.

"எவர்சில்வர்தானே, துருப்பிடிக்குமா?" என்று அம்மா கேட்டார். துருப்பிடிக்காத இரும்பைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, கீறினாலும் காற்று பட்டால் மறுபடி படிந்துவிடும். குளோரைடு அந்தப் படலத்தைப் பொத்தல் போடும். காற்றோட்டம் இல்லாத இடுக்கில் படலம் மறுபடி படிய ஆக்சிஜனும் போதாது, பொத்தல் ஆழமாகிக்கொண்டே போகும். கூடவே, இழுத்து மெல்லியதாக்கிய கம்பியில் உற்பத்தியின்போதே தங்கிவிட்ட இறுக்கமும், தண்ணீரின் அழுத்தமும் இருப்பதால், அரிப்பு விரிசலாக மாறி கம்பி குறுக்கே முறியும். வீட்டு எவர்சில்வர் குடத்திலும் இப்படிப் புள்ளி விழலாம். குடத்தின் தகட்டுக்கு அது ஒரு கறை. ஹோஸின் கம்பியோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கனம்தான். அந்தப் புள்ளியே கம்பியின் மொத்தக் கனம்.

குளோரைடு எங்கிருந்து வருகிறது? ஊற்றுத் தண்ணீரிலிருந்து இல்லை. அது மென்மையான தண்ணீர், சோப்பு பொங்கும். வாஷ்பேசின் அடியில் என்னென்ன வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் போதும். பாத்ரூம் ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர் டப்பா. எல்லார் வீட்டிலும் அதுதான் இடம், குழந்தைகள் கண்ணில் படாது என்று. கழிப்பறைத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி சரியாக இறுகாவிட்டால் அதன் ஆவி கதவு சாத்திய அந்த அலமாரிக்குள் நாள் முழுக்கச் சுற்றும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். ஜில்லென்ற தண்ணீர் ஓடும் ஹோஸ் மேல் வியர்வை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். ஈரக் கம்பி, ஆசிட் ஆவி. வாஷ்பேசின் ஹோஸ்கள் ஷவர் பக்கத்து ஹோஸ்களைவிட மோசமாக இருந்ததற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. (ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஹோஸை விடுங்கள், நமக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.)

பிளம்பர் அண்ணன் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல், ஒட்டினால் மட்டம் என்பது கடைவீதி நம்பிக்கை. அதை நம்ப முடியாது. 304 என்ற தரத்தில் குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். தகடாக இருக்கும்போது காந்தம் ஒட்டாதுதான். ஆனால் அதையே குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கினால் உள்ளமைப்பு கொஞ்சம் மாறி லேசாக ஒட்ட ஆரம்பிக்கும். மறுபக்கம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கும் 200 வரிசை ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாமல் தப்பிக்கும். குளோரைடுக்கு முதலில் தோற்பது அதுதான். ஆக, நல்லது ஒட்டவும் செய்யலாம், மட்டம் ஒட்டாமலும் போகலாம். அண்ணனிடம் சொன்னேன். "இருக்கட்டும், கஸ்டமருக்கு ஒரு திருப்திங்க" என்றார்.

சில ஹோஸ்கள் ஸ்டீலே இல்லை. கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், கம்பி கட்டிங் பிளேயரில் வெண்ணெய்போல் வெட்டுப்படும், வளையத்தின் ஓரத்தில் பழுப்புக்குப் பதில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அலுமினியம். பித்தளையோடு ஒட்டி ஈரமாக இருந்தால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கும், அதில் கரைவது அலுமினியம்தான். கடையில் தொங்கும்போது அதுவும் ஸ்டீல் மாதிரியே மின்னும்.

கெய்சரின் வெளிவாய் ஹோஸ்கள் வேறு விதம். பின்னல் ஓரளவு சரியாக இருந்தது, டியூப்தான் கெட்டியாகிப் போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, வளைத்தால் உட்புறம் கீறல் கீறலாகத் திறந்தது. வெப்பம் ரப்பரை இப்படி முதுமையாக்கும். தொட்டியில் பிளீச்சிங் அதிகம் போட்டால் குளோரினும் அதே வேலையைச் செய்யும். குழாய் வாயில் இருக்கும் வலையைக் கழற்றினால் கறுப்புத் துகள் கிடக்கிறதா? பலர் தொட்டி அழுக்கு என்று நினைத்துத் தொட்டியைக் கழுவுகிறார்கள். விரலில் தேய்த்தால் மை போல ஒட்டினால் அது உங்கள் ஹோஸின் உட்புறம். உள்ளே பி.வி.சி. டியூப் என்றால் சுடுதண்ணீருக்கு அதைப் போடவே கூடாது. 60 டிகிரிக்கே இளகிவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் நட்டு உள்ளவற்றில் நட்டே வட்டமாக வெடித்திருந்தது. ஸ்பேனர் போட்டு முறுக்கிய அன்று தாங்கும், பல மாதம் கழித்து அந்த இறுக்கத்திலேயே விரிசல் விடும். வாஷிங் மெஷின் ஹோஸ் ஒன்றில் எலிப் பல். நிப்பிள் சிலவற்றில் மஞ்சள் நிறம் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது: மென்மையான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும், மிச்சம் நுண்துளை விழுந்த செம்பு. கோவை போர்வெல் தண்ணீரில் உப்புப் பாறை கட்டும் தொல்லை நமக்கு இல்லை. அதற்குப் பதில் இது.

சரி, இத்தனை காரணமும் கீழேயும் உண்டே? மேட்டுப்பாளையத்தில் யாரும் வாஷ்பேசின் அடியில் ஆசிட் வைப்பதில்லையா? அங்கே பத்து வருடம், இங்கே இரண்டு மழைக்காலம் என்பதற்கு இதெல்லாம் பதில் ஆகாது. அதற்கு ஒரு பிரஷர் கேஜ் வாங்கவேண்டியிருந்தது.

பத்து கிலோ வரை காட்டும் சாதாரண கேஜ், அரை இஞ்ச் சாக்கெட் ஒன்று, தோட்டத்துக் குழாயில் மாட்டினேன். பிளம்பர்களும் மெக்கானிக்குகளும் சொல்லும் 'கிலோ' என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ; பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு கிலோ, கிட்டத்தட்ட ஒரு பார். மொட்டை மாடித் தொட்டி குழாயிலிருந்து ஐந்து மீட்டர் உயரம் என்றால் அரை கிலோ. கீழே ஒரு வீட்டு ஹோஸ் தன் ஆயுள் முழுக்கத் தாங்குவது அவ்வளவுதான்.

எங்கள் கேஜ் காலையில் மூன்று வீட்டிலும் குழாய் திறந்திருக்கும்போது 4 கிலோவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்: 5.8. அப்படியென்றால் தொட்டி எங்களுக்கு 58 மீட்டர் மேலே இருக்கிறது. ஓடும் தண்ணீர் பைப்பில் உராய்ந்து அழுத்தத்தை இழக்கும். நிற்கும் தண்ணீருக்கு அந்த இழப்பு இல்லை, மொத்த உயரமும் ஹோஸ் மேல்தான். சாமத்தில் வெடித்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மாடித் தொட்டி வீட்டைவிடப் பத்து மடங்குக்கு மேலான அழுத்தத்தை இங்கே ஹோஸ் ராத்திரி முழுக்கத் தாங்குகிறது. கீழே நாலு கம்பி அறுந்த ஹோஸ் அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும். இங்கே முடியாது.

ஹோஸ் மேல் "10 பார்" என்று அச்சிட்டிருக்கிறதே, 5.8 அதற்குள்தானே என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் குழாயை மூடும் வேகத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறி, ஓர் அதிர்ச்சி அலையாகப் பைப்பில் பின்னோக்கி ஓடும். வாட்டர் ஹேமர் என்பார்கள், 'டொம்' என்று சுவருக்குள் கேட்கும் சத்தம். ஜி.ஐ. பைப்பில் அந்த அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1300 மீட்டர். தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிச் சட்டென்று நின்றால் அழுத்தம் 13 பார் எகிறும். எங்கள் ஒரு இஞ்ச் லைனில், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விடும் ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் வேகம் நொடிக்கு 30 சென்டிமீட்டர்தான் வரும். அப்போதும் எகிறல் ஏறத்தாழ 4. ஏற்கெனவே நிற்கும் 5.8-ஐக் கூட்டுங்கள். அச்சிட்ட பத்துக்கு வந்துவிட்டோம். அந்தப் பத்தும் புது ஹோஸுக்கான கணக்கு, கம்பி அரித்த ஹோஸுக்கு அல்ல.

இதிலும் மலைக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. அலை தொட்டி வரை போய்த் திரும்புவதற்குள் குழாயை மூடி முடித்தால்தான் முழு அடியும் விழும். மாடித் தொட்டிக்குப் பைப் நீளம் பத்து மீட்டர் என்றால் போய்வர ஒரு நொடியில் நூறில் ஒன்றரைப் பங்கு. எந்தக் கையும் அவ்வளவு வேகத்தில் குழாயை மூடாது, அதனால் அடி மிதமாகவே விழும். எங்கள் 300 மீட்டர் லைனில் போய்வரக் கிட்டத்தட்ட அரை நொடி. லீவர் குழாயைத் தட்டி மூடினால் அரை நொடிக்குள் முடிந்துவிடும். வாஷிங் மெஷினுக்குள் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வ் அதைவிட வேகம். மெஷின் தண்ணீரை நிறுத்தும் கணத்தில் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முள் 9-ஐத் தாண்டித் துள்ளித் திரும்பியது. அண்ணனைக் கூப்பிட்டு மறுபடி மெஷினை ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இத்தன நாளா பைப்பு கம்பெனிக்காரனத் திட்டிக்கிட்டு இருந்தேங்க" என்றார்.

ஆகவே வேலை ஹோஸில் இல்லை, வாசலில். வழி இரண்டு. சரிவின் நடுவில் மிதவை வால்வோடு ஒரு சின்னத் தொட்டி வைத்து உயரத்தை உடைப்பது ஒன்று. மலைக் குடிநீர்த் திட்டங்களில் பிரேக் பிரஷர் டேங்க் என்று கட்டுவது இதைத்தான்: மேலேயிருந்து வரும் தண்ணீர் திறந்த தொட்டியில் விழுந்தவுடன் அதுவரை சேர்ந்த அழுத்தம் முழுக்கத் தீர்ந்து, அங்கிருந்து புதுக் கணக்கு ஆரம்பமாகும். மலிவு, கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருப்பது வேறொருவர் தேயிலை. போதாக்குறைக்குக் குரங்குகள் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளிக்கும். அதனால் நான் இரண்டாவது வழிக்குப் போனேன்: வாசலில் பிரஷர் ரெடியூசிங் வால்வ், சுருக்கமாகப் பி.ஆர்.வி. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் டயாஃப்ரமும். வீட்டுப் பக்கம் அழுத்தம் நாம் வைத்த அளவை எட்டினால் டயாஃப்ரம் மேலே தள்ளப்பட்டு வழியை அடைக்கும், குறைந்தால் திறக்கும்.

முக்கால் இஞ்ச் பித்தளை வால்வ் கோத்தகிரி கடைகளில் கையிருப்பில் இல்லை, சொல்லிவைத்து வரவழைத்தோம். மாட்டிய வரிசை: மெயின் கேட் வால்வ், மண்ணை வடிகட்டும் ஒய் ஸ்ட்ரெய்னர், பி.ஆர்.வி., கேஜ், மறுபடி ஒரு வால்வ். இருபுறமும் யூனியன், பின்னால் கழற்ற வசதியாக. ஸ்ட்ரெய்னர் செலவை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். மழை பிடித்தால் இந்த லைனில் மணலும் இலைச் சக்கையும் வரும். வால்வ் உடம்பில் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கவேண்டும். ஜி.ஐ. மரைக்கு அண்ணன் சணல்தான் சுற்றினார், டெஃப்லான் டேப்பை அவர் மதிப்பதில்லை.

செட் செய்வது குழாய்கள் எல்லாம் மூடிய நிலையில். திருகைக் கொஞ்சம் திருப்பி, ஒரு குழாயைத் திறந்து மூடி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மறுபடி. 2.5 கிலோவில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் பார்த்தால் முள் 4-இல் இருந்தது. இப்படி ஏறினால் இரண்டு காரணம் இருக்கலாம்: வால்வ் மூடும்போது போய் உட்காரும் இடமான சீட்டில் எதுவோ மாட்டிக்கொண்டு மேல் அழுத்தம் மெல்லக் கசிந்து வருகிறது, அல்லது கெய்சர் சூடாகி விரியும் தண்ணீர், அதன் வால்வ் சரியாக அடைக்காமல் லைனுக்குத் திரும்புகிறது. அன்று ராத்திரி கெய்சர் மெயினை அணைத்துவிட்டுப் படுத்தோம். அப்போதும் ஏறியது. ஆக, சீட். கழற்றினால் ரப்பர் சீட்டில் பொடி மணல் இரண்டு, ஜி.ஐ. மரை வெட்டியபோது உதிர்ந்த இரும்புச் சீவல் ஒன்று. துடைத்து, லைனைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுக் கழுவி, மாட்டினோம். அதற்கப்புறம் 2.5 இரவும் பகலும் அசையவில்லை.

கெய்சரைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பி.ஆர்.வி. போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 400 மில்லி கூடுதலாக விரியும். தண்ணீரை அமுக்க முடியாது, அந்த 400 மில்லி எங்காவது போயாகவேண்டும். கெய்சரின் குளிர்வாயில் (தண்ணீர் உள்ளே நுழையும் வாய்) இருக்கும் வால்வில் திரும்பிப் போகவிடாத என்.ஆர்.வி.யும் உண்டு, இப்போது வாசலில் பி.ஆர்.வி.யும் வழியை அடைத்துவிட்டது. அதே குளிர்வாய் வால்வில் ஒரு சேஃப்டி வழி இருக்கும், பெரும்பாலான கெய்சர்களில் 8 பார் அளவில் திறந்து சில சொட்டு வெளியே விடும். விடுவதுதான் அதன் வேலை. "கெய்சர் லீக் ஆகுது" என்று அதைப் பிளக் போட்டு அடைத்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. அக்கா வீட்டில் எம்சீல் வைத்தே அடைத்திருந்தார்கள். அடைத்தால் கெய்சர் டேங்கும் அதன் வெளிவாய் ஹோஸும்தான் மொத்தத்தையும் தாங்கவேண்டும், அதுவும் சூட்டோடு. அந்த ஹோஸ் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இது போதும். எம்சீலைச் சுரண்டி எடுத்தோம். இரண்டு வீட்டிலும் அந்த வாயில் மெல்லிய டியூப் செருகி, தரை ஜாலி வரை இறக்கிவிட்டோம். கெய்சர் தெர்மோஸ்டாட்டை 55-க்குக் குறைத்தேன். வெளிவாய்க்கு இனி ஹோஸே வேண்டாம் என்று, சுடுதண்ணீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப்பை நேராக இழுத்து யூனியன் போட்டாயிற்று. நகராத இடத்தில் வளையும் ஹோஸ் எதற்கு?

மீதி இடங்களில் புது ஹோஸ். வாங்கும்போது நான் பார்ப்பது: 304 என்று அச்சு, உள்ளே ஈ.பி.டி.எம். என்று அச்சு, உலோக நட்டு. நட்டின் உள் ஓரத்தைக் கத்தியால் லேசாகக் கீறினால் மஞ்சள் தெரியவேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் பூசிய துத்தநாகக் கலவை. கீறக் கடைக்காரர் விடமாட்டார், கையில் எடை பார்த்தே ஓரளவு பழகிவிடும்.

மாட்டுவதில் பாதி ஆயுள் இருக்கிறது. ஒரு முனையை இறுக்கிவிட்டு, மறுமுனை நட்டைத் திருப்பும்போது ஹோஸும் சேர்ந்து திருகிக்கொள்ளும். பின்னல் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் விலகும். மறுகையால் ஹோஸைப் பிடித்துக்கொண்டுதான் நட்டைத் திருப்பவேண்டும். கையால் இறுகும் வரை, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று. கசிந்தால் இன்னும் கொஞ்சம், அவ்வளவே. அடைப்பது வாஷர், மரை அல்ல. அந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயன் இல்லை. கிரிம்ப்பை ஒட்டி இரண்டு விரல் அகலம் நேராக இருக்கவேண்டும், அதற்கப்புறம் வளையட்டும். ஒன்றரை அடி எட்டாத இடத்தில் இழுத்துப் பிடித்து மாட்டாமல் இரண்டடி வாங்குங்கள். மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் பெயின்ட் மார்க்கரால் நட்டில் எழுதுகிறேன். ஐந்து வருடத்தில் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். ஹோஸ் விலையையும் மரத்தரை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்த முடிவு அது.

பாத்ரூம் ஆசிட் இப்போது வெளியே துவைக்கும் கல்லுக்குப் பக்கத்து மாடத்தில், பூட்டுப் போட்டு.

கழிப்பறையில் கழுவப் பயன்படும் கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ் தனிக் கதை. வெளியே சுருள் தகடு மின்னும். உள்ளே பெரும்பாலும் வெறும் பி.வி.சி. டியூப், பின்னல் கிடையாது. கை ஷவருக்காக வந்த ஹோஸ் அது. கை ஷவரில் குழாய் ஹோஸுக்கு முன்னால் இருக்கும். மூடினால் ஹோஸ் காலி, அழுத்தமே இல்லை. ஹெல்த் ஃபாசெட்டில் தலைகீழ். விசை ஹோஸின் கடைசியில் இருக்கிறது, ஆங்கிள் காக் எப்போதும் திறந்தே கிடக்கிறது. எங்கள் ஊரில் அது 5.8 கிலோவை இரவும் பகலும் தாங்கவேண்டும். உபயோகித்த பிறகு ஆங்கிள் காக்கை மூடுங்கள் என்று எத்தனை போர்டு எழுதி ஒட்டினாலும் விருந்தாளிகள் மூடப்போவதில்லை. 2.5-க்கு இறக்கிய பிறகு எங்கள் வீட்டில் பிரச்சினை வரவில்லை, ஆனாலும் உள்ளே பின்னல் உள்ள வகை கிடைத்தவுடன் மாற்றினேன்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. நீலகிரியில் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம்; சொந்தக்காரர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். ஒரு ஹோஸ் வெடித்து நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும் மணிக்கு 1200 லிட்டர். மாடித் தொட்டி என்றால் தொட்டி காலியானதும் நின்றுவிடும். ஊற்று காலியாகாது. கிளம்பும்போது மெயின் வால்வை மூடி, உள்ளே ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுப் போவது ஒரு நிமிட வேலை. ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் மாதிரி உறைபனி விழும் பள்ளங்களில் வெளிப்புறக் குழாய்களை முழுக்க வடித்துவிடுவதும் நல்லது. பனிக்கட்டியாகும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் விரியும். ரப்பர் கொஞ்சம் ஈடுகொடுக்கும், பிளாஸ்டிக் நட்டு கொடுக்காது.

ஷவர் ஃபோர்ஸ் குறைந்துவிடுமோ என்று வீட்டில் பயந்தார்கள். குறைந்தது உண்மை. முன்பு முதுகில் குத்தும், இப்போது குளிக்கலாம். அக்கா மட்டும் பி.ஆர்.வி. வேண்டவே வேண்டாம் என்றார். ஸ்பிரிங் கெட்டால் யார் மேட்டுப்பாளையம் ஓடுவது என்பது அவர் வாதம், அதில் தப்பில்லை. அவருக்கு வீட்டுக்கு மேலே சொந்தத் தேயிலையே இருக்கிறது. அங்கே ஐநூறு லிட்டர் தொட்டி, பித்தளை மிதவை வால்வ், குரங்குக்காக மூடியில் கம்பிக் கட்டு, காட்டெருமை மிதிக்காமல் இருக்கப் பைப்பை ஒரு முழம் ஆழத்தில் புதைத்து வேலையை முடித்தோம். அவர் சமையலறையில் கேஜ் மாட்டினால் 1.4 காட்டுகிறது. மூன்றாவது வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. பிளம்பர் அண்ணன் இப்போது பையில் காந்தத்தோடு ஒரு கேஜும் வைத்திருக்கிறார். ஹோஸ் மாற்றக் கூப்பிட்டால் முதலில் அதை மாட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறார்.